ஒரே கட்சி, 205 நாற்காலிகள்

பையை ஸ்கேன் இயந்திரத்தில் போட்டுவிட்டு மறுபக்கம் வந்ததும் காவலர் சொன்ன முதல் தகவல், நான்காவது மாடியில் இரண்டு தலைக் கன்றுக்குட்டி இருக்கிறது என்பதுதான். பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார். "கூட்டம் பார்க்க வந்தேன்" என்றேன். "அதுவும் நான்காவது மாடியில்தான்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அட்லாண்டா நகரில் வாஷிங்டன் தெருவைப் பார்த்து நிற்கிறது ஜார்ஜியா மாநிலத்தின் சட்டமன்றக் கட்டடம். 1889இல் கட்டி முடித்தது. பத்து லட்சம் டாலர் ஒதுக்கி, வேலை முடிந்தபோது 118 டாலர் 43 சென்ட் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள். அரசாங்க வேலையில் மிச்சம் பிடித்த கதை எந்த ஊரிலும் அபூர்வம் என்பதால் இன்றும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். மிச்சம் பிடித்த விதத்தில் ஒன்றை மட்டும் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. சொந்த மாநிலத்துக் கல் விலை அதிகம் என்று வெளிச்சுவருக்கு இந்தியானாவிலிருந்து சுண்ணக்கல்லை வரவழைத்தார்கள். உள்ளே தரையிலும் படிகளிலும் இருப்பது ஜார்ஜியாவின் பளிங்கு. மேலே கும்மட்டத்தில் தங்கத் தகடு. அது 1958இல் வடக்கு மலையிலுள்ள டலோனகா ஊரிலிருந்து மாட்டுவண்டிக் காலத்துப் பாணியில் வண்டித் தொடராக வந்த தங்கம்.

நான் போனது கூட்டத்தொடர் நேரத்தில். ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை தொடங்கும். நாற்பது நாள்தான் அனுமதி. நாற்பதும் அடுத்தடுத்த நாட்கள் அல்ல. கூடாத நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் இழுத்து, பெரும்பாலும் மார்ச் கடைசி வரை கொண்டுபோய்விடுவார்கள். உறுப்பினர்களுக்கு இது முழுநேர வேலை அல்ல. வக்கீல், விவசாயி, மருந்துக்கடைக்காரர், ரியல் எஸ்டேட் தரகர் என்று ஊரில் வேறு பிழைப்பு இருக்கும்.

மூன்றாவது மாடியில் இரண்டு அவைகளும் எதிரெதிர்க் கோடியில் இருக்கின்றன. மேற்கே கீழவை, கிழக்கே செனட். கீழவை வாசலுக்கு வெளியே தடித்த கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கோட்டு போட்ட ஒரு பெருங்கூட்டம். நிறுவனங்களுக்காகவும் சங்கங்களுக்காகவும் பேச வந்த லாபியிஸ்டுகள். அவர்கள் உள்ளே போகக் கூடாது. துண்டுச்சீட்டில் எழுதி, 'பேஜ்' என்று அழைக்கப்படும் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறார்கள். சீட்டு உள்ளே போகிறது, சற்று நேரத்தில் உறுப்பினர் வெளியே வருகிறார், காதோடு காதாக இரண்டு நிமிடம், மறுபடி உள்ளே. மசோதாவின் தலையெழுத்தில் பாதி இந்தக் கயிற்றடியில் எழுதப்படுகிறது என்பதை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை.

பார்வையாளர் மாடத்துக்கு ஒரு மாடி ஏற வேண்டும். கீழே மரமேசைகள் வரிசை வரிசையாக. பிரார்த்தனை, கொடி வணக்கம், ஊரிலிருந்து வந்திருக்கும் பள்ளி அணிகளுக்குக் கைதட்டல். அதன்பிறகே மசோதா. வாக்கெடுப்பு என்றதும் சுவரிலுள்ள பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே பச்சை, சிவப்பு விளக்குகள் எரிகின்றன. மொத்தம் 180 பெயர். செனட்டில் 56. எந்தப் பெயர் எந்தக் கட்சி என்று தெரியாத எனக்கே, இரண்டு வாக்கெடுப்பு முடிவதற்குள் விளக்கைப் பார்த்துக் கட்சியைச் சொல்ல முடிந்தது. குடியரசுக் கட்சி ஒரு நிறம், ஜனநாயகக் கட்சி மறு நிறம். இடையில் நிறம் மாறி எரிவது ஒன்றிரண்டு.

எனக்கு இந்த அறை வேறொரு காரணத்துக்காக வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கே உட்கார்ந்திருந்தவர்களின் பட்டியல்தான் நான் தேடி வந்த பொருள். அன்று கீழவையில் 205 பேர். அந்தப் பட்டியலில் கட்சி என்ற பத்தியைப் படித்தால் எதுவும் விளங்காது. மேலிருந்து கீழ்வரை ஜனநாயகக் கட்சி. வடக்கே மலைக் கவுன்டிகளிலிருந்து மட்டும் அவ்வப்போது ஒன்றிரண்டு குடியரசுக் கட்சிக்காரர்கள் தலைகாட்டுவார்கள். உள்நாட்டுப் போரில் தெற்கோடு சேராமல் நின்ற குடும்பங்களின் வாரிசுகள் அவர்கள். அவர்களையும் யாரும் எதிர்க்கட்சி என்று பொருட்படுத்தவில்லை.

கட்சிப் பத்தியை விட்டுவிட்டு அடுத்த பத்தியைப் பார்க்க வேண்டும். எந்தக் கவுன்டி என்பது அங்கே இருக்கும். உண்மையான கட்சி அதுதான்.

ஜார்ஜியாவில் 159 கவுன்டிகள். நம் தாலுகா அளவில் துண்டு துண்டாக வெட்டிய நிர்வாகப் பிரிவுகள். மக்கள்தொகையில் பெரிய எட்டு கவுன்டிகளுக்குத் தலா மூன்று உறுப்பினர். அடுத்த முப்பதுக்குத் தலா இரண்டு. மிச்சமுள்ள 121க்கும் தலா ஒன்று. கூட்டினால் 205. அட்லாண்டா நகரம் அடங்கிய ஃபுல்டன் கவுன்டி எவ்வளவு வீங்கினாலும் மூன்றுதான். ஃபுளோரிடா எல்லையில் பைன் மரங்களும் சதுப்பும் நிறைந்த எக்கல்ஸ் கவுன்டி எவ்வளவு இளைத்தாலும் ஒன்று உறுதி. 1960 கணக்கெடுப்பில் ஃபுல்டனில் 5,56,326 பேர், எக்கல்ஸில் 1,876 பேர். அதாவது அட்லாண்டாவில் ஏறக்குறைய 1,85,000 பேருக்கு ஓர் உறுப்பினர்; எக்கல்ஸில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வரும் கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர்.

செனட்டில் இதைவிடக் கூத்து. பல தொகுதிகளில் மூன்று கவுன்டிகள் சேர்ந்து ஓர் இடம். அந்த இடத்தை முறைவைத்துச் சுற்றிக்கொள்வார்கள். இந்தத் தடவை உங்கள் கவுன்டி ஆள், அடுத்த தடவை எங்கள் கவுன்டி ஆள். ஒருவர் அனுபவம் பெற்று நிமிர்வதற்குள் முறை முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார். ஆளுநர் மாளிகைக்கு அது வசதியாக இருந்தது.

இங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவனில் இருப்பவரை நினைக்கக் கூடாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தலைமை நிர்வாகி; நம் முதல்வருக்கு நிகர். அந்தப் பதவிக்கான உட்கட்சித் தேர்தலிலும் இதே கவுன்டிக் கணக்குதான். ஒவ்வோர் உறுப்பினருக்கும் இரண்டு 'யூனிட்' ஓட்டு. ஃபுல்டனுக்கு ஆறு, எக்கல்ஸுக்கு இரண்டு. மாநிலம் முழுவதற்கும் 410. ஒரு கவுன்டியில் ஒரே ஓட்டு முன்னிலை பெற்றாலும் அந்தக் கவுன்டியின் யூனிட் முழுவதும் அவருக்கே. 1917இல் நீல் சட்டம் என்ற பெயரில் இதை எழுத்தில் கொண்டுவந்தார்கள். ஒரே கட்சிதான் என்பதால் உட்கட்சித் தேர்தலே உண்மையான தேர்தல். நவம்பரில் நடப்பது வெறும் சடங்கு.

இதனால் லாபம் அடைந்தவர்களில் முதலிடம் யூஜின் டால்மட்ஜுக்கு. சிவப்பு சஸ்பெண்டர் மாட்டிக்கொண்டு கிராமத்து மேடைகளில் முழங்கியவர். டிராம் ஓடும் கவுன்டி எதுவும் தனக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகப் பெருமையடித்தவர். வேண்டியதில்லைதான். கணக்கு அவர் பக்கம் இருந்தது. 1946 உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்த ஜேம்ஸ் கார்மைக்கேல் 3,13,389 ஓட்டு வாங்கினார். டால்மட்ஜ் வாங்கியது 2,97,245. யூனிட் கணக்கில் டால்மட்ஜுக்கு 242, கார்மைக்கேலுக்கு 146. வேட்பாளர் டால்மட்ஜ். கறுப்பினத்தவர் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று நீதிமன்றங்கள் வழிதிறந்து விட்ட பிறகு நடந்த முதல் பெரிய தேர்தல் அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பதிவு செய்திருந்தார்கள். டால்மட்ஜின் பிரசாரம் முழுவதும் அந்தக் கதவை மறுபடி அடைப்பதைப் பற்றித்தான்.

அவருடைய சிலை வெளியே புல்வெளியில் நிற்கிறது. உள்ளே நடந்த நாடகத்துக்கு அவர் இல்லாததே காரணம். 1946 நவம்பரில் வென்றவர், பதவியேற்கும் முன்பே டிசம்பர் 21 அன்று இறந்துபோனார்.

மாடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து, அந்த ஜனவரி இரவை இந்த அறையில் பொருத்திப் பார்க்க முயன்றேன். இடம் சிறியது, அதுதான் முதலில் உறைக்கிறது. 1947 ஜனவரியில் 205 கீழவை உறுப்பினர்களும் செனட்டர்களும் ஒன்றாக இங்கே அடைந்து கிடந்தார்கள். மாடத்தில் நிற்க இடமில்லை. டால்மட்ஜ் ஆட்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். தலைவர் உடல்நிலை சரியில்லை என்று தெரிந்ததும், நவம்பர் வாக்குச்சீட்டில் அவர் மகன் ஹெர்மன் பெயரைக் கையால் எழுதிப் போடும்படி நம்பகமான சிலரிடம் சொல்லி வைத்தார்கள். 1945 அரசமைப்பில் ஒரு வரி இருந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், அதிக ஓட்டு வாங்கியவர்களில் உயிரோடிருக்கும் இருவரிலிருந்து சட்டமன்றம் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே ஹெர்மன் முதல் இருவரில் ஒருவராக வர வேண்டும்.

எண்ணிப் பார்த்தார்கள். கையால் எழுதிய ஓட்டில் கார்மைக்கேலுக்கு 669. குடியரசுக் கட்சிக்காரரான டி. டால்மட்ஜ் போவர்ஸுக்கு 637. இவர் டால்மட்ஜ் குடும்பத்து ஆள் அல்ல, கல்லறைக் கல் விற்பவர். ஹெர்மனுக்கு 617. மூன்றாவது இடம். அரங்கில் ஒரு சலசலப்பு. அந்த நேரத்தில் டால்மட்ஜின் சொந்தக் கவுன்டியான டெல்ஃபேரில் எண்ணாமல் விடுபட்ட 58 ஓட்டுகள் அகப்பட்டன. எல்லாம் ஹெர்மனுக்கு. 675. முதலிடம்.

அந்த ஓட்டுகளைப் பற்றி 'அட்லாண்டா ஜர்னல்' நிருபர் ஜார்ஜ் குட்வின் பிறகு டெல்ஃபேருக்கே போய்த் துருவினார். ஓட்டுப் போட்டவர்கள் அகர வரிசையில் வரிசைகட்டி வந்திருந்தார்கள். சிலர் அதற்குமுன்பே செத்துப்போயிருந்தார்கள். சிலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். கள்ள ஓட்டு போடுவதிலும் ஒரு கலைநயம் வேண்டாமா? பட்டியலைப் பிரித்து முதல் பெயரிலிருந்து வரிசையாக எழுதிவிட்டார்கள். கலைத்துப் போடக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. குட்வினுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. கல்லறைக்கல் வியாபாரியைக் கல்லறைவாசிகள் தோற்கடித்தார்கள் என்று அந்தக் காலத்தில் யாராவது நகைச்சுவையாக எழுதாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

குட்வின் துருவியதெல்லாம் பிறகு. ஓட்டெடுப்பு நடந்தது ஜனவரி 15 விடியலுக்கு முன். 161க்கு 87 என்ற கணக்கில் ஹெர்மன் டால்மட்ஜ் ஆளுநர். இத்தனைக்கும் இரண்டு பக்கமும் ஒரே கட்சி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளவு டால்மட்ஜ் ஆட்களுக்கும் டால்மட்ஜ் எதிர்ப்பாளர்களுக்கும் இடையில். அந்தப் பிளவுக்கு அடியில் ஓடியது கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான விரிசல். அரசியல் அறிஞர் வி. ஓ. கீ 1949இல் தென்மாநில அரசியலை ஆராய்ந்து எழுதிய நூலில் ஜார்ஜியா அத்தியாயத்துக்கு வைத்த தலைப்பே நாட்டுப்புறத்தாரின் ஆட்சி என்ற பொருள் தருவது.

மாடத்திலிருந்து இறங்கி இரண்டாவது மாடிக்கு வந்தேன். ஆளுநர் அலுவலகம் இங்கேதான். பதவியிலிருந்த எல்லிஸ் ஆர்னால் வெளியேற மறுத்தார். வாக்குரிமை வயதை 18 ஆகக் குறைத்தவர், தேர்தல் வரியை ஒழித்தவர், 1945 அரசமைப்பைக் கொண்டுவந்தவர். அந்த அரசமைப்பின் ஒரு வரியை வைத்தே அவரை வெளியே தள்ளினார்கள். கதவுப் பூட்டை மாற்றிவிட்டார்கள். ஆர்னால் நடுக்கூடத்தில் தகவல் மேசைக் கூண்டில் அமர்ந்து ஆட்சி நடத்த முயன்றார். இப்போது கூடத்தில் கும்மட்டத்துக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் சுற்றுலாக் கூட்டம். எங்கோ இங்கேதான் ஒரு மாநிலத்தின் ஆளுநர், வழிகேட்டு வருபவர்களுக்கான மேசையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது உரிமையாளரும் இருந்தார். துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம். இ. தாம்ப்சன். அந்தப் பதவியையே 1945 அரசமைப்புதான் உருவாக்கியிருந்தது. அதில் முதல் ஆள் அவர். ஆர்னால் தாம்ப்சனுக்காக ராஜினாமா செய்தார். இரண்டு ஆளுநர்கள் ஆணை பிறப்பித்தார்கள், நியமனம் செய்தார்கள். எந்த ஆணை செல்லும்? முத்திரை வைத்தது எதுவோ அது. மாநிலத்தின் பெருமுத்திரை, மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன் பொறுப்பில் இருந்தது. விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். இரு தரப்புக்கும் கொடுக்காமல் முத்திரையை நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் படித்த அமெரிக்க அரசியல் கதைகளில் இவ்வளவு திறமையான நிர்வாக நடுநிலை வேறொன்றில்லை. ஃபோர்ட்சன் 1979 வரை அதே பதவியில் இருந்தார்; இந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டு இடத்தில் அவர் பெயர் வரும்.

1947 மார்ச் 19 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 5க்கு 2 என்று தீர்ப்பளித்தது. யூஜினுக்குப் பெரும்பான்மை இருந்தது. ஆகவே தேர்ந்தெடுக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு வரவேயில்லை. ஹெர்மன் அன்றே வெளியேறினார். இடைப்பட்ட காலத்தில் கறுப்பினத்தவரை உட்கட்சித் தேர்தலிலிருந்து விலக்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியிருந்தது. தாம்ப்சன் வந்தபின் அது நிற்கவில்லை. ஆனால் 1948இல் ஹெர்மன் முறையான தேர்தலிலேயே வென்று திரும்பினார். கவுன்டி யூனிட் அப்படியேதான் இருந்தது.

கிழக்குக் கோடியில் செனட் அவைக்குப் போனபோது அங்கே கூட்டம் முடிந்துவிட்டிருந்தது. ஊழியர் ஒருவர் மேசைகளில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இந்த அவைதான் முதலில் உடைந்தது. 1962இல் டென்னசி வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொகுதிப் பங்கீட்டை நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டது. உடனே ஜார்ஜியாவிலும் வழக்குகள். டூம்ஸ் எதிர் ஃபோர்ட்சன் என்ற வழக்கின் விளைவாக, இரு அவைகளில் ஒன்றையாவது மக்கள்தொகைப்படி பிரித்தாக வேண்டும் என்றாயிற்று. செனட்டைக் கொடுத்தார்கள். அதுவரை ஒரே செனட்டர் அனுப்பிய ஃபுல்டனுக்கு ஏழு இடம். அவற்றில் ஒன்றில் லெராய் ஜான்சன் என்ற கறுப்பின வழக்கறிஞர் வென்றார். அதற்குமுன் இந்தச் சட்டமன்றத்தில் கடைசியாக இருந்த கறுப்பினத்தவர் 1907இல் விலகியவர்.

அதே தேர்தலில் தென்மேற்குப் பகுதியில் கடலை விவசாயி ஒருவர் போட்டியிட்டுத் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. குவிட்மன் கவுன்டியில் மட்டும் ஓட்டு எண்ணிக்கை வாக்காளர் எண்ணிக்கையைத் தாண்டியிருந்தது. அங்கேயும் செத்தவர்கள் ஓட்டு, அங்கேயும் அகர வரிசை. அங்கேயும் 'அட்லாண்டா ஜர்னல்' நிருபர்தான் போய் எழுதினார், இந்த முறை ஜான் பெனிங்டன். பதினாறு ஆண்டில் தொழில்நுட்பம் கொஞ்சமும் வளரவில்லை. விவசாயி நீதிமன்றம் போனார், ஜெயித்தார், 1963 ஜனவரியில் இந்த அவையில் வந்து உட்கார்ந்தார். பெயர் ஜிம்மி கார்ட்டர்.

1963 மார்ச்சில் கிரே எதிர் சாண்டர்ஸ் தீர்ப்பு கவுன்டி யூனிட்டை ஒழித்தது. அமெரிக்க அரசியலில் 'ஒருவருக்கு ஓர் ஓட்டு' என்ற தொடர் சட்டமாக நிலைபெற்றது அந்தத் தீர்ப்பில்தான். அதில் எடுத்துக்காட்டாக வந்த ஊர்கள் இதே ஃபுல்டனும் எக்கல்ஸும். ஆனாலும் கீழவை இன்னும் பழைய 205ஆகவே அசையாமல் இருந்தது. தங்கள் நாற்காலியைத் தாங்களே வெட்டச் சொன்னால் யார் கோடரி எடுப்பார்கள்?

இங்கே மறுபடி கீழவை மாடத்துக்கு ஏறினேன். ஒரு கடிகாரம் தொங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும். 1964 கூட்டத்தொடரின் கடைசி இரவு. நள்ளிரவு ஆனால் அவை கலைந்தாக வேண்டும். நாடாளுமன்றத் தொகுதிகளை மறுவரையறை செய்யும் மசோதா பாக்கி. மேக்கன் நகரத்து உறுப்பினர் டென்மார்க் குரூவர் இந்த மாடத்துக்கு ஏறிவந்து, கைப்பிடிச் சுவரின் மேல் குப்புறத் தொங்கி, கீழே மாட்டியிருந்த கடிகாரத்தை நிறுத்தப் பார்த்தார். கடிகாரம் கழன்று அவைத் தரையில் விழுந்து நொறுங்கியது. அந்தக் கணத்தின் புகைப்படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. கைப்பிடியில் நானும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். தலை சுற்றும் உயரம். அவர் வேட்கையைப் பாராட்டத்தான் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர், "குரூவர்தானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்த மாடத்தில் எட்டிப் பார்ப்பவர்கள் எல்லோரும் அதற்குத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

குரூவரை வேடிக்கை மனிதராக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. 1956இல் உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடிச் சின்னத்தை மாநிலக் கொடியில் சேர்த்தபோது ஆளுநரின் அவைத் தளபதி அவர்தான். 1958இல் தன் இடத்தை இழந்தார். வெள்ளையர் ஓட்டில் முன்னிலை பெற்றும், கறுப்பினத்தவர் திரண்டு எதிராளிக்குப் போட்டதால் தோற்றார். அந்தக் கசப்போடு திரும்பி வந்தவர், எந்தத் தேர்தலிலும் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் வெற்றி, இல்லையென்றால் முதலிருவருக்கும் மறுதேர்தல் என்று ஒரு யோசனையை முன்வைத்தார். வெள்ளையர் ஓட்டு பல பேருக்குச் சிதறும்போது கறுப்பினத்தவர் ஆதரித்த ஒருவர் குறைந்த ஓட்டில் ஜெயித்துவிடக் கூடாது என்பது உள்நோக்கம். அந்த விதி 1964 தேர்தல் சட்டத் தொகுப்பில் ஏறியது. பிற்காலத்தில் வழக்கு விசாரணையில் தன் நோக்கத்தில் இனவெறி இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். 2001இல் அதே கொடியை மாற்ற வேண்டும் என்று இதே கட்டடத்தில் ஆதரித்துப் பேசிவிட்டு, அந்த ஆண்டே இறந்தார்.

1965இல் நீதிமன்ற உத்தரவுப்படி கீழவைக்குச் சிறப்புத் தேர்தல். எட்டுக் கறுப்பினத்தவர் வென்றார்கள். அவர்களில் கிரேஸ் டவுன்ஸ் ஹாமில்டன் என்ற பெண்மணியும் 25 வயது ஜூலியன் பாண்டும் இருந்தார்கள். 1966 ஜனவரி 10 காலை இந்த அறையில் எல்லோரும் எழுந்து உறுதிமொழி எடுத்தபோது பாண்டை மட்டும் உட்காரச் சொன்னார்கள். அவர் பணியாற்றிய மாணவர் அமைப்பு சில நாட்களுக்கு முன் வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை விட்டிருந்தது. அதை அவர் ஆதரித்தார். விசாரணை நடந்தது, வாக்கெடுப்பு நடந்தது: 184க்கு 12, இடம் கிடையாது. மார்ட்டின் லூதர் கிங் இந்தக் கட்டடத்துக்கே ஊர்வலம் கொண்டுவந்தார். காலியிடத்துக்கு இடைத்தேர்தல் வைத்தால் பாண்டே மறுபடி ஜெயித்தார். டிசம்பர் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1967 ஜனவரி 9 அன்று பதவியேற்றார்.

மறுநாளே இந்த அறை பழைய வேலையை இன்னொரு தடவை செய்தது. 1966 நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஹோவர்ட் கேலவே ஏறக்குறைய மூவாயிரம் ஓட்டில் முந்தினார். எதிரே ஜனநாயகக் கட்சியின் லெஸ்டர் மேடக்ஸ். தன் உணவகத்துக்குள் கறுப்பினத்தவர் வராமல் தடுக்கக் கோடரிக் காம்பு பிடித்து நின்று புகழ்பெற்ற மனிதர். இருவரையும் பிடிக்காத ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சீட்டில் ஒரு பெயரைக் கையால் எழுதிப் போட்டார்கள். எல்லிஸ் ஆர்னால். யாருக்கும் பாதி இல்லை. ஃபோர்ட்சன் எதிர் மோரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சட்டமன்றமே தேர்ந்தெடுக்கலாம் என்றது. 1967 ஜனவரி 10, 182க்கு 66, மேடக்ஸ் ஆளுநர். மக்களிடம் முந்தியவர் குடியரசுக் கட்சி. அவையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி. கட்சிப் பத்தி வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு முடிவைத் தீர்மானித்தது, அதுவும் இப்படி. அடுத்து அரசமைப்பைத் திருத்தி, ஆளுநர் தேர்தலையும் குரூவர் வகையிலான மறுதேர்தலுக்குள் கொண்டுவந்தார்கள்.

கட்சிப் பத்தி முழுதாகத் திரும்புவதற்கு இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. 2002இல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு குடியரசுக் கட்சி ஆளுநர். 2005 கூட்டத்தொடரில் கீழவையும் அவர்கள் கைக்கு வந்தது. நான் அன்று பலகையில் பார்த்த பச்சை சிவப்பும் கிட்டத்தட்ட அந்தப் பழைய கோடுதான். அட்லாண்டாவும் சுற்றுப்புறமும் ஒரு பக்கம், பைன் காட்டுக் கவுன்டிகள் மறுபக்கம். கொடியில் எழுதிய கட்சிப் பெயர் மட்டும் இடம் மாறியிருக்கிறது. வேறுபாடு, இப்போது ஃபுல்டனின் உறுப்பினர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதாது.

வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றினேன். குதிரைமேல் கூட்டமைப்புத் தளபதி ஜான் கார்டன். சட்டைக் கையை மடித்துவிட்ட கார்ட்டர். வடகிழக்கு மூலையில் 2017இல் நிறுவிய கிங் சிலை. 1868இல் இனத்தின் காரணமாக வெளியேற்றப்பட்ட 33 கறுப்பின உறுப்பினர்களுக்காக ஜான் ரிடில் 1978இல் வடித்த சிற்பமும் இருக்கிறது. பள்ளிக் குழந்தைகள் அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆசிரியை திட்டவில்லை. நல்லதுதான் என்று பட்டது.

இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள எபனேசர் தேவாலயத்தில் கிங் போதகராக இருந்தார். இப்போதைய மூத்த போதகர் ரஃபேல் வார்னாக் 2020 நவம்பரில் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்டார். களத்தில் பலர், யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. 1964இல் எழுதிய விதிப்படி மறுதேர்தல் நடந்தது. 2021 ஜனவரி 5 அன்று வென்று ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டர் ஆனார். அந்த மறுதேர்தலுக்கு முன் இருந்த ஒன்பது வார இடைவெளியை அந்த ஆண்டு மார்ச் மாதமே சட்டமன்றம் நான்கு வாரமாகக் குறைத்துவிட்டது.